ஏரித் தண்ணீர் பன்னிரண்டு குடம்

இறால் உரிக்கும் கம்பெனியில் நான் வாட்ச்மேன். சம்பளம் கொடுத்தார்கள். அதற்காக நான் அவர்களை நம்பிவிடவில்லை. தோணிரேவு கிராமம் தாண்டி, கடலோடு கலக்கிற உப்புத் தண்ணீர் ஏரியின் கரையில் இருக்கிறது ஷெட். உரித்த தலையும் ஓடும் தினம் டிராக்டரில் போய் ஏரியில் விழும். விழுந்த இடத்தில் தண்ணீர் கறுத்து நாறும். கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். என் மனைவி முத்தம்மாளும் அவர்களில் ஒருத்தி.

உரிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி வளர்மதி. ஓட்டை ஏரியில் கொட்டாதீர்கள், எருவாக்கிக் காட்டுகிறேன் என்று மேனேஜரிடம் மல்லுக்கு நின்றாள். "பங்குனி வரைக்கும் பார். காட்டூர் விவசாயிங்க எடுத்துக்கிட்டா சரி. இல்லன்னா பழையபடி ஏரிதான்" என்றார் அவர்.

ஷெட்டுக்குப் பின்னால் சாணி, வைக்கோல், ஓடு என்று அடுக்கினாள். அடுக்கும் முன் டேங்கர் லாரியில் வந்த நல்ல தண்ணீரில் ஓட்டை மூன்று தடவை அலசினாள்.

"இன்னாம்மா, குப்பைக்குத் தலை முழுக்காட்டுறியா?"

"உப்பு போவணும் நைனா. நீ போய் கேட்டைப் பாரு."

சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

மாசிப் பனியில் ஒருநாள் விடிகாலை, குவியலிலிருந்து ஆவி எழுந்தது. கையை விட்டுப் பார்த்தேன். சுட்டது. நெருப்பு வைக்காமல் குப்பை சுடுமா? இவளை முன்னால் நிறுத்திவிட்டுக் கம்பெனிக்காரன் ஏதோ மருந்தை இதற்குள் புதைக்கிறான் என்று முடிவு கட்டினேன். அவளைக் கேட்டிருக்கலாம். கம்பெனி சம்பளம் வாங்குகிறவள் உண்மை சொல்வாளா என்று நினைத்தேன். நானும் அதே சம்பளம்தான் வாங்கினேன்.

அன்று ராத்திரி ஏரியில் மொண்டு குவியலில் பன்னிரண்டு குடம் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். மூன்றாம் நாள் சூடு அடங்கியது. ஊரையே காப்பாற்றிவிட்ட நினைப்பு எனக்கு. வளர்மதி கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஏன் ஆறிப்போச்சுன்னு தெரியலையே என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். நான் பீடி பற்றவைத்தேன்.

பங்குனியில் காட்டூர் லோகநாதன் வந்தார். மேனேஜரும் கூட நின்றார். லோகநாதன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்புக் கரிக்குதும்மா. இத்தப் போட்டா என் நெலம் பாழாப் பூடும்."

"மூணு தண்ணி கழுவினேண்ணா!"

"கழுவினியா, கருவாடு போட்டியா?"

மேனேஜர் சிரித்தார். வளர்மதி தானும் ஒரு துளி நாக்கில் வைத்தாள். நான் வாய் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான்.

எல்லாரும் போன பிறகு அவளிடம் சொன்னேன். "நான்தாம்மா ஊத்தினேன். ஏரித் தண்ணி. சுட்டுது, மருந்துன்னு நெனச்சிட்டேன்."

"சுட்டாத்தான் நைனா அது மக்குதுன்னு அர்த்தம்." திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "அவங்க நின்னப்போ சொல்றதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். இன்னொரு தடவை விட்டுப் பாருங்கள் என்றும் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்படிச் சொல்லுன்னு அவ அனுப்பினாளா பெருசு?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் காலை, ஓடு ஏற்றிய டிராக்டர் வந்து ஹாரன் அடித்தது. கேட்டைத் திறப்பது என் வேலை. திறந்தேன்.