அசையாத கை

அக்கா வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் டிரையரின் வாய் அவள் தலைக்கு மேலே இருக்கிறது. ஈரப் போர்வை மூட்டை ஒன்றை வீசும்போது வலது தோள் மூட்டிலிருந்து நழுவித் தானாகவே திரும்ப உள்ளே போனது. அதிலிருந்து கையை உயர்த்தினாலே வலி. துணி மடிக்கும் மேசைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள்.

"சட்டியில இருந்தா அகப்பையில வரும். தோள்ல இருந்தா படத்துல வரும். கொண்டா, பார்ப்போம்" என்றார் சூப்பர்வைசர்.

முதல் ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை. கை உடம்போடு ஒட்டிக் கிடந்தால் சில கிழிசல்கள் மூடிக்கொள்ளும் என்று, நான் ஸ்கேன் எடுக்கப் படிக்கிற மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று சந்தேகம். எலும்பு மருத்துவரும் அதையே சொன்னார். மூட்டுக்குள் மருந்து ஏற்றி, உள்ளங்கையைப் பின்னந்தலைக்குக் கீழே வைத்துப் படுக்க வேண்டும். கிழிசல் விரிந்து மருந்து உள்ளே இறங்கும். படத்தில் வெள்ளையாகத் தெரியும். அசைந்தால் எல்லாம் கலங்கிவிடும்.

வீட்டில் தரையில் படுக்க வைத்துப் பழக்கினேன். இடது கையால் வலது கையைத் தூக்கித் தலைக்கடியில் செருகினாள்.

"கிழிஞ்சதைப் பார்க்க இன்னும் கிழிக்கணுமாக்கும். நல்லா படிக்கிறீங்கடி."

"பேசாதக்கா. பேசினா தோள் ஆடும்."

"சரி, வாயையும் கட்டியாச்சு."

ஸ்கேன் அன்று, படிக்கிறவள் என்பதால் என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார விட்டார்கள். ஸ்கேன் எடுப்பவர் மைக்கில் கேட்டார். "வலிக்குதாம்மா? நிறுத்தவா?"

"இல்லீங்க. நீங்க எடுங்க."

சலவைக்கூடத்தில் வேலைக்கு நடுவே வலி என்று சொன்னவர்களை அன்றைய கூலி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு வலியைச் சொல்லாத பழக்கம். வெளியே வந்தபோது கண்ணீர் காதுவரை ஓடிக் காய்ந்திருந்தது. துடைக்கக்கூட அவள் கையை அசைக்கவில்லை.

"கல்லு மாதிரி கிடந்தாங்க" என்றார் ஸ்கேன் எடுத்தவர், திரையைக் காட்டி. குருத்தெலும்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. சந்தோஷப்பட்டேன். என் அக்காவின் தோள் கிழிந்திருப்பதற்கு.

கம்பெனி மருத்துவர் அறிக்கையை நிதானமாகப் படித்தார். பக்கத்தில் சூப்பர்வைசர்.

"கிழிசல் இருக்கு. இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா இங்க பாருங்க, கையைத் தலைக்கு மேல வெச்சு அசையாம படுத்திருக்காங்க, வலின்னு ஒரு வார்த்தை சொல்லலைன்னு எழுதியிருக்கு. அவ்வளவு நேரம் தாங்குற கை மூட்டையையும் தாங்கும்."

"அதைத்தான் சார் நானும் சொன்னேன்" என்றார் சூப்பர்வைசர்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

தெருவில் கேட்டாள். "அசைஞ்சிருந்தா?"

"படம் விழுந்திருக்காதுக்கா."

"ம்."

மறுநாள் காலை அதே டிரையர் வேலைக்குக் கிளம்புமுன் என் எதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்து சீப்பை நீட்டினாள். பின்னந்தலைக்கு அவள் கை எட்டவில்லை.