பின் சீட்டுப் பட்டன்

அரூரில் அந்த வண்டியை ஜோடி சைக்கிள் என்பார்கள். ஒரே சைக்கிளில் இரண்டு சீட், இரண்டு ஹேண்டில்பார், இரண்டு ஜோடி பெடல். முன்னால் மாதவராஜ், பின்னால் அவர் மனைவி பானுமதி. பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற மனிதர் அவர். வீட்டில் மட்டும் பாடம் நடத்துவதை இன்னும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பையைக் கட்டிக்கொண்டு ஒகேனக்கல், ஏற்காடு என்று இருவரும் கிளம்பிவிடுவார்கள். பார்த்தவர்களெல்லாம் கொடுத்துவைத்த ஜோடி என்றார்கள். கொடுத்துவைத்த லட்சணம் பின் சீட்டில் உட்கார்ந்தவளுக்கல்லவா தெரியும்!

பின் சீட்டுக்கு பிரேக் கிடையாது, கியர் கிடையாது. அங்கே இருக்கும் ஹேண்டில்பார் பிடித்துக்கொள்ள மட்டும், திருப்ப முடியாது. எதிரே தெரிவது கணவரின் முதுகு. அதையெல்லாம் பானுமதி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது கியர்தான். மேட்டில் உன்னி மிதித்துக்கொண்டிருக்கும்போது அவர் வாயே திறக்காமல் கியரைத் தள்ளிவிடுவார். இருட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று காலை வைத்தால் ஒரு குலுக்கு குலுக்குமே, அப்படிப் பெடல் சட்டென்று இறங்கும். வலது முட்டியில் சுருக்கென்று பிடிக்கும். மாற்றும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பதினோரு வருஷமாகக் கேட்டாள். சரி சரி என்பார். அடுத்த மேட்டில் அதே கதை. என்ன ஜென்மமோ!

இந்த வருஷம் அவருடைய கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்தது. அவ்வளவு நீள வண்டியில் கேபிளும் நீளம். கியரைத் தள்ளுவதற்குள் விரல் விட்டுப்போகும். தனக்கு வலித்ததும் மனிதருக்கு உடனே வழி பிறந்துவிட்டது. கேபிளைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் கியர் போடலாம், பட்டனை அமுக்கினால் பின்சக்கரத்துப் பக்கம் ஒரு சின்ன மோட்டாரே செயினை மாற்றிவிடும் என்றார். பட்டனை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பானுமதி அதைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலும் பட்டன் வேண்டும், இல்லாவிட்டால் இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று தீர்த்துச் சொன்னாள். நீ தப்பாக அமுக்கிச் செயினை அறுத்துவிடுவாய், நடுரோட்டில் நிற்போம் என்று அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார்.

தருமபுரியில் குப்புராஜின் சைக்கிள் கடையில் மாட்டினார்கள். எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்பதை மொபைலில் சொன்னால் போதும், வேண்டாத பட்டனை அங்கேயே அணைத்தும் வைக்கலாம் என்று குப்புராஜ் காட்டினான். அந்த ஆப்பை மாதவராஜ் தன் போனில் போட்டுக்கொண்டார். முன்னால் இருக்கும் பட்டன் அவசரத்துக்கு மட்டும், இனிமேல் கியர் உன் பொறுப்பு என்றார்.

அடுத்த மூன்று ஞாயிறும் பானுமதிக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடு வந்தால் "மாத்தறேங்க" என்று குரல் கொடுப்பாள், பட்டனை அமுக்குவாள். கிர்ரென்று ஒரு சத்தம், பெடல் லேசாகிவிடும். எப்போது இறங்கும் என்று தெரிந்ததால் முட்டி நோகவில்லை. தனக்குக் கிடைக்காத மரியாதையை அவருக்கு ஒரு தடவைகூடத் தராமல் விடவில்லை. சொல்லாமல் அவள் கியர் மாற்றியதே இல்லை. பெங்களூரில் இருக்கும் மகள் ஐஸ்வர்யாவைக் கூப்பிட்டு, வண்டி இப்போது என் கையில் என்று பீற்றிக்கொண்டாள்.

நாலாவது ஞாயிறு சித்தேரி மலை. பாதி ஏற்றத்தில் ஒரு வளைவு செங்குத்தாக எழுந்தது. பானுமதியின் வாயில் கடலைமிட்டாய் ஒட்டிக்கொண்டிருந்தது, பேச முடியவில்லை. பேசாமலே பட்டனை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தி அமுக்கினாள். அப்போதும் இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தபடி மிட்டாயை விழுங்கினாள். அப்புறம்தான் ஒரு சந்தேகம் தட்டியது. பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "மாத்தறேங்க" என்றாள்.

கிர்ரென்று கியர் மாறியது.

அடுத்த வளைவிலும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு ஐந்து தடவை அமுக்கினால் ஒன்றுமில்லை. கையைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் மாறுகிறது. மூன்று வாரமாகக் காதில் பூச்சுற்றியிருக்கிறார். அவள் குரல் கொடுத்ததும் முன்னால் அவரே அமுக்கியிருக்கிறார். சொல்லிவிட்டுச் செய்யும் அவளுடைய மரியாதைதான் அவருக்கு வசதியாகப் போயிருக்கிறது. மகளிடம் பீற்றியது நினைவுக்கு வந்ததும் பானுமதிக்கு உடம்பே கூசியது.

"ஏனுங்க, பின்னாடி பட்டன் வேலை செய்யுதுங்களா?"

"செய்யாம என்ன? இப்பத்தான நீயே மாத்துன."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். பாவி மனுஷன், குரலில் ஒரு பிசிறு இல்லை.

ஜோடி சைக்கிளில் இரண்டு பெடலும் ஒரே செயினில் கட்டியவை. முன்னே ஒருவர் மிதித்தால் பின்னே இருப்பவரின் காலும் தானாகச் சுற்றும், அழுத்தம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். பானுமதி அழுத்துவதை நிறுத்தினாள். கால் பாட்டுக்குச் சுற்றியது. அவள் உடம்பு, அவர் உடம்பு, பின்னால் கட்டிய பை எல்லாம் மாதவராஜின் இரண்டு காலில் வந்து இறங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"பானு, மாத்து" என்றார் மூச்சிரைக்க. நெஞ்சு வெடிக்கும் நிலையிலும் நாடகத்தை விடவில்லை.

"மாத்தறேங்க" என்றாள், கையைக் கட்டிக்கொண்டு. கிர்ரென்றது. அதுதான் கடைசி கியர், அதற்குக் கீழே கிடையாது.

இன்னும் இரண்டு வளைவு போனார்கள். வண்டி தள்ளாடியது. மாதவராஜின் கழுத்து நரம்பு புடைத்திருப்பதை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நீ மிதிக்கறியா இல்லையா?"

"மிதிச்சுகிட்டுதாங்க இருக்கறேன்."

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக மிதித்தார். மூன்று வாரம் தான் அவரை நம்பியதுபோலவே அவரும் அதை அப்படியே நம்பிவிட்டதுதான் பானுமதிக்குத் தாங்கவில்லை.