கிளாத்திக்குச் சாட்சி

இங்கிலாந்தின் தென்கரையில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் கடலுக்குள் முக்குளிப்பேன். போன மாதம், எலும்பைக் குடையும் அந்தக் குளிர்நீரில், பாறை இடுக்குக்குள் ஒரு கிளாத்தி மீன் புகுந்ததை என் கண்ணால் பார்த்தேன். வெப்பக்கடல் மீன் அது. படமும் எடுத்தேன். கலங்கல் தண்ணீரில் முதுகும் விறைத்து நின்ற ஒரு முள்ளும்தான் படத்தில் விழுந்தன. முக்குளிப்போர் சங்கத்தில் மீன் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் கிரஹாம் என் குறிப்பை அடித்துவிட்டார். முனீஸ்வரிக்குச் சொந்த ஊர் ஞாபகம், அதனால் அப்படித் தெரிந்திருக்கிறது என்றாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஊர் மதுரை. மதுரையில் ஏது கடல்? நான் நீச்சல் பழகியதே பரவையில் மாமா தோட்டத்துக் கிணற்றில். உயிரோடு ஒரு கிளாத்தியை நான் பார்த்தது அவர்கள் கடலில்தான்.

இதை விட்டால் அந்தச் சங்கத்தில் காலம் முழுக்க நான் கனவு கண்டவள்தான். விடுப்பில் மதுரைக்கு வந்த முதல் ஞாயிறு மதியமே, விளாங்குடி ரோட்டோரத்தில் மீன் விற்கும் மாயக்காள் அக்காவிடம் போய், கிரஹாமை வீடியோ காலில் கூப்பிட்டேன்.

அக்கா ஐஸில் கிடந்த கிளாத்தியைத் தூக்கிக் காட்டினார். அதன் தோல் செருப்புத் தோல் மாதிரி. உரித்துத்தான் விற்க வேண்டும். முதுகின் பெரிய முள்ளைக் கட்டைவிரலால் அழுத்தினார். அசையவில்லை. பின்னாலிருந்த சின்ன முள்ளை அழுத்தியதும் பெரியது தானாகப் படுத்தது.

"இடுக்குல போயி முள்ளத் தூக்கிருச்சுன்னா எவனும் இழுக்க முடியாது. அவரு ஊரு மீனுக்கு இந்தப் பூட்டு இருக்கான்னு கேளு தாயி."

கேட்டேன். கிரஹாம் என் படத்தை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தார். முள் இதேதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் 'சந்தேகம்' என்றே எழுதுவாராம். சரிபார்த்தவர் என்ற கட்டத்துக்கு ஒரு நிபுணரின் பெயர் வேண்டுமாம்.

நீங்கள் இந்த மீனை எப்போதாவது கையில் பிடித்திருக்கிறீர்களா என்றேன். இல்லை என்றார்.

"இவர் இருபது வருஷமாக உரிக்கிறார். இவர் பெயரை எழுதுங்கள். முடியாதென்றால் என் பெயரையும் சங்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்."

கிரஹாம் பேனாவை எடுத்தார்.

என்னவாம் என்று கேட்டார் அக்கா. உங்கள் பெயரைக் கேட்கிறார் என்றேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"மாயக்காள். மீன் யாவாரம், விளாங்குடி. எழுதிக்கிறச் சொல்லு."