உங்கள் விண்ணப்பம் தொடர்பாக

சனிக்கிழமை காலை, லுக்குட் தாமான் குடியிருப்பில் தன் வீட்டின் பின்பக்கக் குழாயடியில் தர்மேந்திரன் மீன் கழுவிக்கொண்டிருந்தான். வாசல் கேட்டை யாரோ மெல்லத் தட்டினார்கள். "இதான் விமலா டிரேடிங்குங்களா?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. அவன் மனைவி விமலா கூடத்திலிருந்து ஏறக்குறைய ஓடினாள். சாவிக்கொத்து குலுங்கியது. "வாங்கண்ணே, உள்ள வாங்க. சப்பாத்த அங்கயே விட்டுருங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று தர்மேந்திரனுக்குத் தோன்றியது. கையில் மீனோடு தனக்குள் சிரித்துக்கொண்டான்.

விமலா வேலை பார்த்த மின்சாதனத் தொழிற்சாலை அவள் பிரிவை மூடியதிலிருந்து வீட்டில் மூலிகைப் பொடி வியாபாரம் நடந்தது. நடந்தது என்று சொல்லக்கூடாது. பொடி டின்கள் அடங்கிய பெட்டிகள் பக்கத்து அறையில் ஜன்னலை மறைத்து நின்றன. முதலில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள், பிறகு கோயிலில் அவளைப் பார்த்தால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் கூடப் பிறந்த அக்காவே கதவைப் பாதி திறந்து, "சும்மாதான வந்த?" என்று கேட்டுவிட்டுத்தான் முழுக்கத் திறந்தாள். அதன் பிறகு விமலா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவராவது, தானாகத் தேடிவந்து அவளிடம் பேச வேண்டும் என்று தர்மேந்திரன் ஆசைப்பட்டான். அந்த ஆசையில்தான் அதைச் செய்தான்.

சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையின் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் அவன் கிளார்க். நேர்முகத் தேர்வு நாட்களில் முன்கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது அவன் வேலை. எடுக்கப்படாதவர்களுக்கு, 'இந்த முறை இடமில்லை' என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புவதும் அவன் வேலைதான். அதை அனுப்பினாயா என்று யாரும் கேட்டதில்லை, அவனும் அனுப்பியதில்லை. அந்த முகவரிகள் அப்படியே கிடந்தன. ஒரு நாள் மாலை அவற்றைத் தன் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு வந்தான். சிரம்பானில் விளம்பரத் தொழில் செய்யும் நண்பன் கொடுத்தான் என்று விமலாவிடம் சொன்னான். முதல் விளம்பரத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவதற்குத் தலைப்பை அவனே யோசித்தான். அலுவலகக் கடிதத்தில் வருகிற மாதிரியே மலாயில் போட்டான்: உங்கள் விண்ணப்பம் தொடர்பாக. உள்ளே பொடி டின்னின் படமும், 'எங்களோடு சேர்ந்து உழைக்க ஆட்கள் தேவை, நேரில் வரவும்' என்ற வாசகமும் இருந்தன.

தெரியாமல் செய்தான் என்றும் சொல்வதற்கில்லை. அதை அனுப்புவதற்கு முந்தின வாரம்தான் தொழிற்சாலைக்கு ஒரு வழக்கறிஞர் அம்மா வந்து பேசினார். நாற்காலி போட்டவனும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களுக்குச் சொன்னவனும் அவன். கேட்காதவர்களுக்கு வியாபார மின்னஞ்சலை மொத்தமாக அனுப்பச் சட்டம் இப்போது இடம் தராது என்றார் அந்த அம்மா. வேலைக்காகக் கொடுத்த முகவரியை வேறு காரியத்துக்குத் தொடக்கூடாது, தலைப்பில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக அனுப்பினால் அது வெறும் தொல்லை இல்லை, ஏமாற்று என்றார். சம்மதம் வாங்கி அனுப்புகிறவர்கள்கூடத் தாங்கள் யார், எங்கே இருக்கிறோம் என்பதை அடியில் எழுதுவது முறை என்றும் சொன்னார். கடைசி வரிசையில் இருந்த தர்மேந்திரன் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். மற்றதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து, "அடியில நம்ம அட்ரஸ் போட்டுரு, அப்பத்தான் முறையா இருக்கும்" என்று விமலாவிடம் சொன்னான். வியாழக்கிழமை அது போனது. அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது ஒருவர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

விமலா மைலோ கலக்கச் சமையலறைக்கு வந்தாள். "மெயில் பாத்துட்டு வந்திருக்காருங்க. லிங்கி பக்கமிருந்து பஸ் எடுத்து வந்தாராம்" என்று கிசுகிசுத்தாள். புதுச் சட்டை மாற்றியிருந்தாள். பொடி டின் ஒன்றையும் தட்டில் வைத்து எடுத்துப் போனாள். தர்மேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைச் சுவரோரம் நின்றான். அவள் பொடியைப் பற்றி விளக்குவதும் வந்தவர் "சரிம்மா, சரிம்மா" என்று ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகச் சொல்வதும் கேட்டன.

"ஸ்டோரு எங்கம்மா இருக்கு?" என்று அவர் இடையில் கேட்டார். "நான் தூக்குவேன். வயசப் பாக்காதீங்க. தோட்டத்து ஆயில் மில்லுல முப்பது வருசம் சும்மா நிக்கல. சிஃப்டு எதுன்னாலும் பரவால்ல."

"ஸ்டோரா? இல்லண்ணே, இது நீங்களே வீட்டுல இருந்து..."

"வீட்டுல இருந்தா?" அவர் சற்று யோசித்த மாதிரி இருந்தது. "எனக்கு மெயிலெல்லாம் பாக்கத் தெரியாதும்மா. மக போன்லதான் வந்துச்சு. பெக்டரில அன்னிக்கே சொன்னாங்க, மெயில் வரும், வெயிட் பண்ணுங்கன்னு. கவுண்டர்ல ஒரு தமிழ்த் தம்பி. நல்ல மாதிரி. எனக்கு ஃபாரமெல்லாம் அவருதான் எழுதிக் கொடுத்தாரு."

தர்மேந்திரனுக்கு அந்தக் குரல் இப்போது தெரிந்தது. மாயாண்டி. பெயரை எழுதும்போது எழுத்துக்கூட்டிச் சொன்னவர். ஸ்டோர் வேலைக்கு வந்தவர். அவர் கிளம்பியதும் மேலாளர் வயதைப் பார்த்து ஒதுக்கி வைத்த தாள் அவருடையது. போகும்போது அவன்தான், "மெயில் வரும்ணே" என்றான். எல்லாரிடமும் சொல்வதுதான்.

"எந்த பெக்டரிண்ணே?" என்று விமலா கேட்டாள்.

அவர் பெயரைச் சொன்னார். விமலா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்த சத்தம் கேட்டது. பின்கதவு திறந்துதான் இருந்தது. சந்து வழியாகப் பாசார் கடைகளுக்குப் போய்விடலாம், அவர் கிளம்பிய பிறகு வரலாம் என்று தர்மேந்திரன் நினைத்தான். உண்மையாகவே ஒரு கால் வாசற்படியில் இருந்தது. அப்போது விமலா வந்து நின்றாள். அவள் கண்களைப் பார்க்க முடியவில்லை.

"சிரம்பான் கூட்டாளி குடுத்ததா?" என்றாள்.

அவன் வாசற்படியில் இருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"வேல கெடைக்காதவங்க அட்ரஸா எடுத்துட்டு வந்தீங்க? அதுல போயி என் பேர போட்டேன் நான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "வந்து நீங்களே சொல்லுங்க. என் வாயால சொல்ல மாட்டேன்."

அவன் கூடத்துக்குள் போனதும் மாயாண்டி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மடிப்பு கலையாத வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் அப்படியே மலர்ந்தது.

"சார். இது உங்க வூடா? அப்ப நீங்கதான் சொல்லிவிட்டீங்களா எனக்கு?"

"உக்காருங்கண்ணே."

அவர் உட்காரவில்லை. அவன் உட்காரட்டும் என்று நின்றார். மீன் வாடை அடிக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தர்மேந்திரனும் நின்றான்.

"அண்ணே, இது வேல விசயம் இல்ல. இது வெளம்பரம். பொடி விக்கிற வெளம்பரம். எல்லாருக்கும் அனுப்பினது."

"வெளம்பரமா?" அவர் ஃபைலைத் திறந்து மகள் அச்செடுத்துக் கொடுத்த தாளை வெளியே எடுத்தார். மேல் வரியில் விரலை வைத்தார். "இதுல என் விண்ணப்பம்னு போட்டிருக்கே சார். மக படிச்சிச் சொன்னுச்சு."

"அப்பிடிப் போட்டாத்தான் தெறந்து பாப்பாங்கன்னு... நான்தான் போட்டேன்."

மாயாண்டி தாளைப் பார்த்தார். திட்டுவார் என்று தர்மேந்திரன் காத்திருந்தான். திட்டியிருந்தால் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். "அப்ப அந்த ஸ்டோரு வேல, சார்?" என்றார் அவர்.

"அது அப்பவே ஆள் எடுத்துட்டாங்கண்ணே."

"ஆமாவா?" தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து ஃபைலுக்குள் வைத்தார். "தாப்பா சார், பரவால்ல. மைலோ குடுத்தாங்க அம்மா. நான் பஸ்ஸப் பாக்குறேன்." அரை டம்ளர் மைலோ மீதி இருந்தது. அதை வீணாக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரை விமலாவிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்ப வரவில்லை.

அந்தப் பக்கம் பஸ் மத்தியானம்தான். தர்மேந்திரன் வற்புறுத்தி அவரைக் காரில் ஏற்றினான். அவர் சீட்டில் சாயாமல் நுனியில் உட்கார்ந்து, ஃபைலை முட்டியில் நிறுத்திப் பிடித்திருந்தார். ஒர்க்‌ஷாப்புகளும் மீன்கடைகளும் முடிந்து செம்பனைக் காடு ஆரம்பித்தது. மன்னிப்புக் கேட்க அவன் பலமுறை வாயெடுத்தான். ஒவ்வொரு முறையும் விமலாவுக்கு வேலை போனது, அவள் கல்யாணங்களுக்குப் போகாதது என்று தன் பக்கத்துக் கதைதான் முதலில் வந்து நின்றது. அதைச் சொல்ல அவனுக்கே கூசியது.

தோட்டத்து மண்பாதை பிரிகிற முனையில் மாயாண்டி, "இங்கயே எறக்கி விட்டுருங்க சார்" என்றார். இறங்காமல் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். "லயத்துல எல்லாத்துக்கும் தெரியும் நான் வேலைக்குப் போயிருக்கேன்னு. வூட்டுக்காரி காலையிலயே சொல்லிப்புட்டா. என்ன சொல்றது சார் அவங்கள்ட்ட? நீங்க ஆபீசுல இருக்கவரு. பொருத்தமா ஒரு வார்த்த சொல்லிக் குடுங்க."

தர்மேந்திரன் அவர் பக்கம் திரும்பினான். "உள்ளதச் சொல்லுங்கண்ணே. ஒருத்தன் ஏமாத்திட்டான்னு சொல்லுங்க."

"அப்பிடிச் சொன்னா நான் ஏமாந்தவன்னுதான சார் ஆகும்."

அவர் சொன்னது அவனுக்குப் புரிந்தது. புரிந்தும், "நான் வர்றேன். நானே சொல்றேன்" என்று கியரைப் போட்டான். "வேணாம் சார்" என்று அவர் சொன்னதைக் கார் மண்பாதையில் இறங்கிய பிறகுதான் காதில் வாங்கினான். திரும்ப இடமில்லை.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் முன்னால் கார் நின்றதும் ஆட்கள் வெளியே வந்தார்கள். பக்கத்து வீட்டு வள்ளியம்மா துணி பிழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "கார்லயே கொண்டாந்து விடுறாங்களா? கெடச்சிருச்சாண்ணே?" என்று கேட்டாள். மாயாண்டி அவளைப் பார்த்துத் தலையை எப்படியோ அசைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். அவரை முனையிலேயே விட்டிருந்தால் செம்பனை நிழலில் நடந்துவருவதற்குள் தனக்கென்று ஒரு பதிலை அவர் செய்துகொண்டிருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தையும் தான் எடுத்துக்கொண்டு விட்டது தர்மேந்திரனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாசலில் மகள் மோகனா நின்றாள். போர்டிக்சனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அவளிடம் அவன் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். அலுவலகத்திலிருந்து முகவரிகளை எடுத்ததை, தலைப்பை எழுதியதை. மனைவிக்கு எதுவும் தெரியாது என்பதையும் சொன்னான்.

"நான்தான் அப்பாவ எழுப்பிச் சொன்னேன்" என்றாள் அவள். "உள்ள இருந்தத நான் சரியாக்கூடப் படிக்கல. மேல இருந்தத மட்டும் பாத்துட்டு ஓடிப்போய் சொன்னேன்." கண் கலங்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்பிடி அனுப்பக்கூடாதுன்னு லா இருக்கு, தெரியுமா? தகவல் தொடர்பு ஆணையத்துக்கு கொம்ப்ளேன் பண்ணலாம்."

"தெரியும். பண்ணுங்கம்மா."

அவள் கைப்பேசியை எடுத்தாள். "உங்க பேரு?"

அவன் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னான். அவள் தட்டத் தட்ட எழுத்துக்கூட்டிச் சொன்னான். தொழிற்சாலையின் பெயரையும் சொன்னான். திங்கட்கிழமை தானே மேலாளரிடம் போய்ச் சொல்லப்போவதாகச் சொல்ல நினைத்து, அது சலுகை கேட்பது போலாகிவிடும் என்று விட்டுவிட்டான். அவள் கட்டைவிரல் திரையின் மேல் நின்றது. உள்ளேயிருந்து, "மோகனா, வுடும்மா" என்று மாயாண்டியின் குரல் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, விரலையும் எடுக்கவில்லை.

தர்மேந்திரனின் கைப்பேசி அடித்தது. விமலா.

"வாசல் கேட்டுல இன்னும் ரெண்டு பேரு நிக்கிறாங்க" என்றாள். "ஒரு பொண்ணு கைப்புள்ளையோட வந்திருக்கு. கையில ஃபைலு. நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ள கூப்பிட்டு உக்கார வையி. நான் வந்து சொல்றேன்."

"சீக்கிரம் வாங்க. அந்தப் பொண்ணு என்னப் பாத்து சிரிக்குது."

மோகனாவிடம் வருகிறேன் என்று சொல்லத் துணிவில்லாமல் தலையை மட்டும் தாழ்த்திவிட்டுக் காரில் ஏறினான். லயத்துப் பாதை ஒரு கார் அகலம்தான். ஒரு பக்கம் ஆழமான கால்வாய், மறுபக்கம் துணிக்கொடிகள். முனைவரை பின்னாலேயே எடுத்தாக வேண்டும். ரிவர்ஸ் போட்டதும் டயர் கால்வாய் விளிம்பில் மண்ணைச் சரித்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த யாரும் அசையவில்லை.

கைலிக்கு மாறியிருந்த மாயாண்டி வீட்டிலிருந்து இறங்கி வந்து காரின் பின்னால் போய் நின்றார். "வாங்க, வாங்க" என்று கையை ஆட்டினார். "இந்தப் பக்கம் கொஞ்சம் ஒடிங்க. போதும். நேரா வாங்க." கார் பின்வாங்கப் பின்வாங்க அவரும் கால்வாயை ஒரு கண்ணால் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். தர்மேந்திரன் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமல், அந்தக் கை காட்டிய பக்கமெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே போனான்.