அடுத்த பகா எண்

அது முந்நூறு இலக்க எண். இரண்டு பகா எண்களைப் பெருக்கி அதை உண்டாக்கியவர் அண்ணன். அந்த இரண்டையும் கண்டுபிடித்தால்தான் அவர் புதிதாக வடிவமைத்த மின்பூட்டு திறக்கும். "உலகத்துல இருக்கிற எல்லா கம்ப்யூட்டரையும் கூட்டிட்டு வா, ஒண்ணும் கிழிக்க முடியாது" என்று தங்கையிடம் மார்தட்டினார்.

அவள் கீபோர்டை இழுத்து, அந்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தாள். அண்ணன் செய்து வைத்திருந்த வேலை அப்படி. முதல் பகா எண்ணை மெனக்கெட்டுத் தேடிய மகானுபாவர், இரண்டாவதற்குச் சோம்பேறித்தனப்பட்டு, அதை அடுத்து வரும் பகா எண்ணையே எடுத்துப் போட்டிருந்தார். இரண்டும் இப்படி ஒட்டி நின்றால், வர்க்கமூலம் அவற்றின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் அந்த வர்க்கமூலத்தை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி, வர்க்கமாக்கி, அதிலிருந்து முந்நூறு இலக்க எண்ணைக் கழித்தாள். மிச்சமும் ஒரு முழு வர்க்கம்தான். அதன் வர்க்கமூலத்தை, உயர்த்திய அந்த நடு எண்ணோடு ஒருமுறை கூட்டினாள், அதிலிருந்து ஒருமுறை கழித்தாள். இரண்டு பகா எண்களும் திரையில் வந்து நின்றன.

"அவ்ளோதாண்ணா. நல்லவேளை, பூட்டை இன்னும் எங்கயும் மாட்டல."

அண்ணன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலைலயே மாட்டிட்டேன்டி. ஜெயில்ல. எல்லாக் கதவுலயும்."