பின்பாரம்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் வாலை ஆட்டியது. தையல்காரம்மாவுக்கு அது இடுப்பிலேயே தெரிந்தது.

"என்னங்க, பின்னாடி ஆடுது."

"காத்தும்மா" என்றார் அவள் கணவர், கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல்.

அவள் வெளியே பார்த்தாள். மலைச்சரிவில் ஓர் இலைகூட அசையவில்லை. அவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர், தெருவே அவரை மீட்டர் என்றுதான் கூப்பிடும். ஊரார் வீட்டு மீட்டரெல்லாம் தப்பில்லாமல் படித்த மனுஷருக்குப் பொய் சொல்ல மட்டும் வராது. காது சிவந்துவிடும். அன்றும் சிவந்திருந்தது. வெயில் என்று அவள் நினைத்துக்கொண்டாள், பாவம்.

டிரெய்லர் என்றால் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற சின்ன வீடு. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, மடக்கு மேசை. அவர் ஓய்வு பெற்றதும் வாங்கினார்கள். முதல் பயணத்தில் அவர்தான் சாமான் ஏற்றினார், வண்டி பள்ளத்துக்குப் போகப் பார்த்தது. பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, கனமெல்லாம் சக்கரத்துக்கு முன்னால் இருக்கணும், பின்பாரம் ஏறினால் டிரெய்லர் ஆடும், ஒருநாள் காரையும் சேர்த்துக் கவிழ்க்கும் என்றார். துணி எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தையா? அவளுக்கும் ஓட்டத் தெரியும், ஆனாலும் அன்றிலிருந்து ஓட்டுவது அவர், ஏற்றுவது அவள். தண்ணீர் கேன், அடுப்பு, டின் எல்லாம் முன்னால். பின்னால் தலையணையும் போர்வையும் மட்டும். இந்த முறையும் அவளே தன் கையால் அடுக்கினாள். அப்படியிருக்க எதற்கு ஆடவேண்டும்?

மலை அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்தாக்கு ஒரு பக்கம் திறந்து, மறுபடி பாறை வந்து மூடியது. ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியது அவளுக்கு அதிசயம். வீட்டு முன்னறைதான் கடை. வெட்டி வைத்த பள்ளிச் சீருடைகள் தைக்காமல் கிடந்தன. மாற்றுச் சாவியை மகளிடம் கொடுத்திருந்தாள். திரும்பிப் போனதும் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடியே வந்தாள்.

பாதை அகன்ற இடத்தில், ஒரு தேநீர்க் கடைக்கு எதிரே, நிறுத்தச் சொன்னாள். அவர் தேநீர் வாங்கப் போனார். அவள் டிரெய்லரின் பின்கதவைத் திறந்து தலையணைகளை எடுத்தாள். போர்வையை உருவினாள். அடியில் அவளுடைய தையல் மிஷின் இருந்தது. இரும்புத் தலை, கால், மிதி என்று தனித்தனியாகக் கழற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

புத்தி கெட்ட மனசு, முதலில் குளிர்ந்தது. தைக்காமல் இருக்கமாட்டேன் என்று தெரிந்து மனுஷர் எடுத்து வைத்திருக்கிறாரே என்று ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. பிறகு மிஷினுக்குப் பின்னால் நிறுத்தியிருந்ததைப் பார்த்தாள். கடையின் பெயர்ப்பலகை. ஆணியோடு பிடுங்கப்பட்டிருந்தது. விடியாத இருட்டில் கிளம்பியதில் அவள் கவனிக்கவில்லை.

ஒரு வாரச் சுற்றுலாவுக்கு யாராவது பெயர்ப்பலகையைக் கொண்டுவருவார்களா?

மீட்டர் இரண்டு கோப்பைகளோடு வந்து நின்றார். பார்த்தார். காது சிவந்தது.

"மேல போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னத்த?"

"மலைமேல ஒரு தங்கும் விடுதி. பாத்துக்க ஆள் கேட்டாங்க. வீடு குடுக்கறாங்க. உனக்கும் வேலை இருக்கு, திரை, மெத்தை உறை எல்லாம் நீயே தைக்கலாம்."

"நம்ம வீடு?"

"தம்பிக்கு விட்டுட்டேன். முன்னறையில போன் ரிப்பேர் கடை வெக்கறான்."

"எப்ப ஏத்துனீங்க இதெல்லாம்?"

"காலையில நீ குளிக்கப் போனப்போ. அவன்தான் தூக்கிக் குடுத்தான்."

வழியனுப்ப வந்திருக்கிறான் என்று நினைத்துக் கொழுந்தனுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாள். அவன் "அமிர்தம் அண்ணி" என்றான். கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது என்பார்கள். இங்கே கண்ணைக்கூடக் கட்டவில்லை, இயற்கைக் காட்சி காட்டியே கூட்டிவந்துவிட்டார்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்லுவ."

அவள் மகளுக்குப் போன் போட்டாள். மகளாவது கொதிப்பாள் என்ற நம்பிக்கை. எடுத்தவுடன் மகள் கேட்டாள், "அம்மா, அப்பா சொல்லிட்டாரா?"

கட்டினவர் செய்தது ஒரு பக்கம், பெற்றதும் சேர்ந்துகொண்டதா?

"நீதான் சாவி குடுத்தியா?"

"நீ எவ்வளவு நாள்தான்மா குனிஞ்சு தைப்ப? உன் நல்லதுக்குத்தான்."

மகளின் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"சித்தப்பா மேசையை அறுக்கறாரும்மா. வாசல்ல போகல."

போகாது. அந்த வெட்டுமேசையைத் தச்சர் அறைக்குள்ளேயே உட்கார்ந்து செய்தார். முதுகு வலிக்கக்கூடாது என்று அவள் இடுப்பை அளந்து உயரம் வைத்தார். அவள் துணி வெட்டி மகளைப் படிக்கவைத்ததெல்லாம் அதன்மேல்தான். போனை வைத்துவிட்டாள். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. எல்லாரும் பேசி, எல்லாரும் தலையாட்டி, அவளை மட்டும் சாமானோடு சாமானாக ஏற்றியிருக்கிறார்கள்.

"கேட்டிருந்தா வந்திருப்பேன்" என்றாள் கணவரிடம்.

"என்னம்மா?"

"கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஊசி கோக்க முடியல. எங்கயாவது அமைதியா போயிடலாமான்னு நானே ஒரு வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேன்."

மீட்டரின் முகம் மலர்ந்துவிட்டது. நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். "அப்பாடா. அப்போ பிரச்சனையே இல்லையே. இந்தா, டீ ஆறுது."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷர். விளையாடவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அவர் செய்த காரியத்தைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பாள், இந்தப் பெருமூச்சை மன்னிக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

மிஷின் தலையைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்தாள். கால், மிதி, பெயர்ப்பலகை எல்லாம் டிக்கிக்குப் போயின. பாரத்தைச் சரிசெய்கிறாள் என்று நினைத்து அவரும் ஒரு கை கொடுத்தார். டிரெய்லர் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தாள். மின் ஒயரைப் பிடுங்கி, சங்கிலியைக் கழற்றி, கொக்கியை விடுவித்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஏம்மா, என்ன பண்ற?"

"மேல இருக்கறவங்களுக்குப் போன் பண்ணுங்க. வந்து இழுத்துட்டுப் போவாங்க. மருந்து டிரெய்லர்ல முன்பெட்டியில இருக்கு, சாப்பிட்டப்பறம் போடுங்க."

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். சாவி வண்டியிலேயே இருந்தது. அவர் சன்னலைப் பிடித்தபடி குனிந்தார். தேநீர்க் கடைக்காரர் துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போற? அங்கதான் இப்ப ஒண்ணும் இல்லையே."

"சொன்னா வேணாம்னு சொல்லுவீங்க."

வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டாள். முதல் வளைவு தாண்டும்வரை அழவில்லை. எங்கே போவது என்று அவளுக்கே தெரியாது. அதை அவரிடம் சொல்லத்தான் அவளுக்கு மனம் வரவில்லை.