அறுபத்திரண்டு கிணறுகளும் ஒரு ரேடியோவும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கான சொற்பொழிவு என்றால் முன்பெல்லாம் காவலாளியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். இன்று உட்கார இடமில்லை. பேசுவது ரேடியோ ஆயிற்றே! மாணவர்கள் வைத்த பெயர். என்னைவிட ஆறு வயது இளையவன், அதே துறை, பக்கத்து அறை. வாயைத் திறந்தால் மூடமாட்டான். கேட்பவர்களும் எழுந்துபோக மாட்டார்கள். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

அவன் பேசுவது என் கிணறுகளைப் பற்றி. அறுபத்திரண்டு கிணறுகள், எட்டு வருஷம். மாதாமாதம் நாடாவை இறக்கி, தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் இருக்கிறது என்று அளந்தவள் நான். நாய் துரத்தியது என்னை, கைதட்டல் அவனுக்கு. அடுத்த வாரம் இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இடம் ஒன்று, ஆள் நாங்கள் இரண்டு பேர். துறைத்தலைவர் முதல் வரிசையில் உட்கார்ந்து அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த மாமா மாதிரி நீ ஏம்மா பேச மாட்டேங்கிற?” என்றாள் பக்கத்திலிருந்த என் மகள். பத்து வயது.

“பேசாம கேளு.”

இன்றைய பேச்சுக்குத் திரையில் காட்டப்போகும் படங்களை நேற்று மாலை எனக்கு அனுப்பியிருந்தான். ‘அக்கா, ஒரு தடவ பாத்துடுங்க, இது உங்க ஏரியா.’ பதினான்காவது படத்தில் கிணற்று ஆழத்தைக் காட்டும் கோடு மேலே ஏறியது. ஆழம் கூடுகிறது, அதாவது தண்ணீர் இறங்குகிறது. இவனோ அதன் கீழே ‘நீர்மட்டம் உயர்கிறது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். ‘எல்லாம் சரியா இருக்குப்பா’ என்று பதில் போட்டேன், ஒரு சிரிப்புப் பொம்மையும் சேர்த்து.

அந்தப் படம் திரையில் வந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கிணறு வெட்டுகிறவராம்.

“தண்ணி ஏறுதுங்கிறீங்க. போன வருஷத்தவிட இப்ப இருபது அடி கூடத் தோண்டுறேனே, சார்?”

அரங்கமே சிரித்தது. எனக்கு இனித்தது, மறைப்பானேன்? ரேடியோ திரும்பிப் படத்தைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. “ஐயோ, தலைகீழா படிச்சிட்டேங்க. மன்னிச்சிடுங்க,” என்றான். அதற்கும் கைதட்டினார்கள். தப்புக்குமா! பிறகு அவன் கண் என்னைத் தேடிப் பிடித்தது. முகத்தில் குத்தலே இல்லை.

“அக்கா, நேத்து நீங்களும் பாத்தீங்களே. உங்க கண்ணுக்கும் தப்பிடுச்சா?”

துறைத்தலைவர் கழுத்தைத் திருப்பினார். மைக் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. ‘கவனிக்கலப்பா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். ஆனால் என் கிணறுகளை எனக்கே படிக்கத் தெரியாது என்று இத்தனை பேர் முன்னால், அதுவும் இவன் முன்னால், நான் ஒப்புக்கொள்வதா?

“தப்பிடல,” என்றேன். “தெரிஞ்சேதான் விட்டேன்.”

என் குரல் நாலு மூலையிலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அம்மா பேசுகிறாள் என்று கைதட்டத் தூக்கிய மகளின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடாமல் அப்படியே நின்றன.